ஆறாத புண்ணுக்கு வேக் டிரெஸ்ஸிங்: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சர்க்கரைப் புண், படுக்கைப் புண், விபத்தில் தோலும் சதையும் உரிந்துபோன கால், தையல் பிரிந்த வயிறு. இப்படிப்பட்ட புண்ணுக்கு "வேக் வைத்துப் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கிளம்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். நோயாளிக்கும் கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். பெரும்பாலும் டிரெஸ்ஸிங்கைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் கூட இருப்பவர்தான்.

வேக் என்றால் என்ன? புண்ணுக்குள் அது என்ன செய்கிறது?

புண்ணின் குழிக்குள் துளைகள் நிறைந்த ஃபோம் ஒன்றை வைப்பார்கள். அதன்மேல் காற்றுப் புகாத ஒட்டும் பிலிமை ஒட்டி, பிலிமில் ஒரு துளை போட்டுக் குழாயைப் பொருத்தி, சின்ன மெஷினால் தொடர்ந்து உறிஞ்சுவார்கள். வழக்கமான அளவு 125 மி.மீ. பாதரசம். வெளிக்காற்றின் அழுத்தம் 760 என்றால், ஃபோமுக்குள் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எதிர்மறை அழுத்தச் சிகிச்சை என்று சொல்வது இதைத்தான்.

உறிஞ்சும்போது ஃபோம் சுருங்கும். புண்ணின் ஓரங்கள் உள்நோக்கி இழுபடும். ஃபோமின் நுண்துளைகளுக்குள் சதை இழுபடுவதால் செல்கள் பெருகவும் புது ரத்தக்குழாய்கள் முளைக்கவும் தூண்டுதல் கிடைக்கிறது. ஊறும் நீர் குழாய் வழியே டப்பாவுக்குப் போய்விடுவதால் வீக்கம் வற்றும். மூடியே இருப்பதால் புண் காயாது, தினமும் திறந்து நோண்ட வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர் 1997-ல் இந்த முறையைப் பற்றி வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகுதான் இது உலகமெங்கும் பரவியது.

கிருமியைக் கொல்வது மெஷினின் வேலை இல்லை. சீழ் இருந்தால் அதைத் திறந்துவிட வேண்டும், ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். வேக் அதற்கு மாற்று ஆகாது.

எந்தப் புண்ணுக்கு உண்மையிலேயே பலன் தரும்?

சர்க்கரை நோயாளியின் விரலையோ பாதத்தின் ஒரு பகுதியையோ எடுத்த பிறகு திறந்திருக்கும் புண்ணுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் இப்படிப்பட்ட 162 பேரைப் பார்த்தார்கள். 16 வாரத்தில் வேக் வைத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கும், சாதாரண ஈர டிரெஸ்ஸிங் போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கும் புண் ஆறியது. வேக் வைத்தும் பாதிக்குக் கொஞ்சம் மேலானவர்களுக்குத்தான் அந்த 16 வாரத்தில் ஆறியது என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லா ஆய்வும் இப்படிச் சாதகமாக வரவில்லை. ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரைக் கால் புண்ணை முழுதாக மூடுவதில் வேக் மேலானது என்று நிரூபணமாகவில்லை. பாத நோய்க்கான சர்வதேச நிபுணர் குழு 2023-ல் தந்த வழிகாட்டுதலில், ஆபரேஷனுக்குப் பிறகு உண்டான சர்க்கரைக் கால் புண்ணுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்றும், ஆபரேஷன் செய்யாத சாதாரண சர்க்கரைப் புண்ணுக்கு வேண்டாம் என்றும் இருக்கிறது. ஆகவே பெருவிரலுக்கு அடியில் உள்ள மேலோட்டமான சின்னப் புண்ணுக்கு யாராவது வேக் சொன்னால், ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள். அங்கே வேண்டியது அந்த இடத்தில் எடை விழாமல் பார்த்துக்கொள்வதுதான்.

சுருள் நரம்பால் கணுக்கால் மேல் வரும் புண்ணுக்கு முதல் சிகிச்சை அழுத்தக் கட்டு. முதுகுக்குக் கீழே குழிவிழுந்த படுக்கைப் புண்ணில் வேக் நீரை இழுத்து, நர்ஸின் வேலையையும் நோயாளியின் அவதியையும் குறைக்கும். ஆனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காத வீட்டில் அதனால் பெரிய லாபம் இல்லை.

வைப்பதற்கு முன் என்னென்ன பார்த்திருக்க வேண்டும்?

முதலில் ரத்த ஓட்டம். பாதத்தில் நாடி தெரிகிறதா என்று தொட்டுப் பார்ப்பது போதாது, ஒலி அலையால் ரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்துச் சொல்லும் ஏ.பி.ஐ. எண் 0.5-க்குக் கீழே இருந்தாலோ, கால்விரல் அழுத்தம் 30-க்குக் கீழே இருந்தாலோ முதலில் ரத்தக்குழாய் டாக்டரைப் பார்ப்பதுதான் முறை. சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடுவதால் ஏ.பி.ஐ. பொய்யாக உயர்ந்து காட்டும். 1.3-க்கு மேல் வந்தால் "நல்லா இருக்கு" என்று அர்த்தமில்லை. ரத்தம் வராத காலில் எந்த மெஷினும் சதையை வளர்க்காது. கருத்துப்போவதுதான் வேகமாகும்.

அடுத்தது எலும்பு. புண்ணுக்குள் கம்பியை விட்டுப் பார்க்கும்போது எலும்பு தட்டினால் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பல வருடமாக ஆறாமல் ஓரம் தடித்து, காலிஃபிளவர் மாதிரி பொங்கியிருந்தால் ஒரு துண்டு எடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பழைய தீக்காயத் தழும்பில் கிளம்பும் புண்ணில் இதைத் தவறவிடவே கூடாது.

கடைசியாக, கருத்த சதையும் மஞ்சள் அழுகலும் வெட்டி எடுக்கப்பட்டு, லேசாக ரத்தம் கசியும் சதை தெரிய வேண்டும். அழுகலின்மேல் ஃபோமை வைத்து மூடினால் சீழைச் சிறைவைத்த கணக்குதான்.

யாருக்கு வைக்கவே கூடாது?

புண்ணுக்குள் புற்றுநோய் இருப்பவர், சிகிச்சை தொடங்காத எலும்புச் சீழ் உள்ளவர், காய்ந்த கருப்புப் பொருக்கு மூடிய புண் உள்ளவர், புண்ணிலிருந்து உள்ளே ஓடி, எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காத புரை (துளை) உள்ளவர் ஆகியோருக்கு வைக்கக் கூடாது. ரத்தக்குழாய், நரம்பு, குடல் போன்றவை திறந்து தெரியும் இடத்தில் ஃபோம் நேரடியாகப் படக் கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஹெப்பாரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்து எடுப்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதய ஆபரேஷன் ஆனவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இவர்களுக்கு மருத்துவமனையில் வைத்தே தொடங்குவதுதான் பத்திரம்.

டிரெஸ்ஸிங்கை எப்படி வைக்கிறார்கள்?

1. பழைய டிரெஸ்ஸிங்கை எடுத்து, புண்ணைச் சலைனால் நன்றாக அலசுவார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதுவார்கள். உங்கள் போனிலும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. புண்ணைச் சுற்றி 5 செ.மீ. அகலத்துக்கு முடியை நீக்கி, தோலைத் துடைத்து முழுக்கக் காயவிட வேண்டும். அதன்மேல் தோலைக் காக்கும் ஸ்பிரேயோ, புண்ணைச் சுற்றிப் பிலிம் கீற்றுகளோ போடுவார்கள். இந்த ஒரு நிமிடக் காத்திருப்பை விட்டுவிட்டால் மறுநாள் கசிவு வரும்.

3. ஃபோமைப் புண்ணின் வடிவத்துக்கு வெட்டுவார்கள். புண்ணுக்கு நேர்மேலே பிடித்து வெட்டினால் துகள்கள் உள்ளே விழும். தள்ளி நின்று வெட்டி, ஓரத்தை விரலால் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும். கருப்பு ஃபோமின் துளை 400 முதல் 600 மைக்ரான். சதையை வேகமாக வளர்க்கும், ஆனால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ஃபோம் நெருக்கமானது, ஈரமானது, பிய்யாது. சுரங்கம் போலப் போகும் இடத்துக்கும் மென்மையான இடத்துக்கும் அதுதான் ஏற்றது.

4. தசைநாரோ எலும்போ தெரிந்தால் முதலில் பாரஃபின் வலை மாதிரி ஒட்டாத அடுக்கு ஒன்று. அதன்மேல் ஃபோம். குழியை நிரப்ப வேண்டும், திணிக்கக் கூடாது. நல்ல தோலின்மேல் கருப்பு ஃபோம் நேராகப் பட்டால் அங்கேயும் புண்ணாகும்.

5. எத்தனை துண்டு வைத்தார்கள் என்று எண்ணி, பிலிமின்மேல் மார்க்கரால் எழுத வேண்டும்: "கருப்பு 2, வெள்ளை 1", கூடவே தேதி. அடுத்தமுறை எடுக்கும்போது அதே எண்ணிக்கை வெளியே வர வேண்டும். உள்ளே தங்கிவிட்ட ஒரு துண்டு வாரக்கணக்கில் சீழ் பிடிக்க வைக்கும். நர்ஸ் மறந்தால் நீங்கள் கேட்டு எழுதவையுங்கள்.

6. பிலிமை ஓரங்களைத் தாண்டி 3 முதல் 5 செ.மீ. வரை ஒட்டுவார்கள், இழுத்து ஒட்டக் கூடாது. நடுவில் 2.5 செ.மீ. அளவுக்கு ஒரு வட்டத் துளை. வெறும் கீறல் போட்டால் உறிஞ்சும்போது அது தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் குழாய்த் தட்டைப் பொருத்துவார்கள். எலும்பு துருத்தும் இடத்திலும் படுத்தால் அழுந்தும் இடத்திலும் தட்டு வரக் கூடாது. குதிகால் புண் என்றால் ஃபோமைப் பட்டையாக நீட்டி, அடியில் உள்ள தோலைப் பிலிமால் மூடி, பாதத்தின் மேல்பக்கத்தில் தட்டை வைப்பார்கள்.

7. மெஷினைப் போட்டதும் ஃபோம் சட்டென்று சுருங்கி, உலர்திராட்சை போலக் கெட்டியாக வேண்டும். சுருங்காவிட்டால் எங்கோ காற்று நுழைகிறது.

காலில் முறிவெண்ணெய், காயத்திருமேனி தைலம் தடவி வந்தோம். அதனால் ஏதாவது?

நம் மாவட்டத்தில் எலும்பு முறிவும் சுளுக்கும் முதலில் நாட்டு வைத்தியரான ஆசானிடம் போவதுதான் வழக்கம். எண்ணெய் ஊறிய தோலில் பிலிம் ஒட்டாது. ஓரத்தில் மெல்லத் தூக்கிக்கொள்ளும், இரவில் மெஷின் கத்தும். வேக் வைக்கும் முந்தின நாளே காலைச் சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை கழுவி, அன்றிலிருந்து எந்த எண்ணெயும் தொடாதீர்கள். புண்ணுக்குள் மஞ்சள்தூள், காப்பித்தூள், பற்பசை போட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அலசி எடுப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

மெஷின் ஓயாமல் கத்துகிறது. என்ன செய்வது?

இரண்டே காரணங்கள்தான் பெரும்பாலும்: கசிவு, அடைப்பு.

கசிவு என்றால் ஃபோம் உப்பித் தளர்ந்திருக்கும், காதை அருகே கொண்டுபோனால் "ஸ்ஸ்" என்று கேட்கும். விரலால் ஓரம் ஓரமாக அழுத்திக்கொண்டே போங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, சின்னப் பிலிம் துண்டு ஒன்றை ஒட்டினால் போதும். அடுக்கடுக்காக ஒட்டாதீர்கள், உள்ளே வியர்வை தேங்கித் தோல் வெளுத்து ஊறிவிடும். குமரியின் புழுக்கத்தில் இது சீக்கிரமே நடக்கும்.

எப்போதும் கசியும் இடம் விரல் இடுக்கு. பெருவிரலை எடுத்த புண்ணில் பக்கத்து விரலின் இடுக்கை அப்படியே விட்டால் பிலிம் பாலம்போல் நிற்கும், காற்று அதன்கீழ் நுழையும். அங்கே இடுக்கை அடைக்கும் பசையான ஸ்டோமா பேஸ்ட்டையோ, தோலில் ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு கீற்றையோ உருட்டி அடைத்து, அதன்மேல் பிலிம் போட வேண்டும். இடுப்பு மடிப்பிலும் ஆசனவாய்ப் பக்கத்திலும் இதே வழிதான்.

அடைப்பு என்றால் ஃபோம் சுருங்கியே இருக்கலாம், ஆனால் குழாயில் எதுவும் நகராது. குழாய் உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, மடிந்திருக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா, டப்பா நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். குழாயில் ரத்தக்கட்டி நின்றால் நீங்களே பிசைந்து தள்ள முயலாமல் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் போனால்?

மெஷினில் பேட்டரி இருக்கும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது மாடலைப் பொறுத்தது, வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 2 மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சாமல் நிற்கக் கூடாது. நின்ற ஃபோமுக்குள் நீர் தேங்கி, மூடிய பிலிமுக்குள் கிருமி பெருகும். அப்படி நின்றுவிட்டால் ஃபோமை எல்லாம் எடுத்துவிட்டு, சலைனில் நனைத்த காஸ் (வலைத்துணி) வைத்துக் கட்ட வேண்டும். இதை வீட்டில் யாராவது ஒருவர் டிஸ்சார்ஜுக்கு முன் கற்றுக்கொள்வது நல்லது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் பேட்டரியை முழுதாக ஏற்றி, காஸ், சலைன், கையுறை எடுத்து வையுங்கள். பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கத்து மலையடிவார ஊர்க்காரர்கள் அப்போது மருத்துவமனையிலேயே தங்கிவிடுவது மேல்.

வலிக்குமா?

மெஷின் ஓடத் தொடங்கும் சில நிமிடங்கள் இழுக்கும், பிறகு பழகிவிடும். தாங்க முடியாவிட்டால் அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் 25 மி.மீ. குறைக்கச் சொல்லலாம். 75 மி.மீ.யிலும் அது வேலை செய்யும். நிஜமான வலி கருப்பு ஃபோமை எடுக்கும்போதுதான். அதற்கு அரைமணி முன் வலி மாத்திரை, 15 நிமிடம் முன் மெஷினை நிறுத்திக் குழாய்வழி சலைனை விட்டு ஊறவிடுவது, பிறகு பிலிமைத் தூக்கி இழுக்காமல் தோலோடு ஒட்டியபடி பக்கவாட்டில் நீட்டிப் பிரிப்பது. இந்த மூன்றையும் செய்தால் பாதி வலி போகும். சர்க்கரையால் மரத்துப்போன காலில் வலியே தெரியாது, அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. சீழ் உள்ள புண்ணை இன்னும் சீக்கிரம், சிலசமயம் 12 முதல் 24 மணி நேரத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். செலவை மிச்சப்படுத்த ஐந்தாறு நாள் தள்ளினால் சதை ஃபோமுக்குள் வளர்ந்து, எடுக்கும்போது பிய்ந்து ரத்தம் கொட்டும். பிரித்ததும் வாடை வருவது இயல்பு. அலசிய பிறகும் நாறினால், காய்ச்சல் அடித்தால், சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால் அது கிருமி.

எது ஆபத்து? எப்போது ஓட வேண்டும்?

ரத்தம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009-லும் 2011-லும் இந்தச் சிகிச்சை பற்றி எச்சரித்தது. அதுவரை அங்கே பதிவான 12 மரணங்களில் பெரும்பான்மை வீட்டிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ நடந்தவை. மிகக் கடுமையான சிக்கலாக அது சொன்னது ரத்தக்கசிவைத்தான்.

டப்பாவில் இளஞ்சிவப்பு நீர் சேர்வது பயப்பட வேண்டியதில்லை. குழாயிலோ டப்பாவிலோ பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ஓடினால் உடனே மெஷினை நிறுத்துங்கள். டிரெஸ்ஸிங்கைப் பிரிக்காதீர்கள். அதன்மேலேயே கையால் பலமாக அழுத்தி, காலைத் தூக்கிவைத்து, 108-ஐ அழையுங்கள். எவ்வளவு ரத்தம் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். போகும் வழியெல்லாம் அழுத்திய கையை எடுக்காதீர்கள்.

கடலில் பட்ட காயம். வேக் வைக்கலாமா?

தொடக்கத்தில் கூடாது. திருக்கை முள் குத்தியதோ, பாறையில் வெட்டியதோ, தூண்டில் கிழித்ததோ எதுவாக இருந்தாலும், உப்புத் தண்ணீரில் பட்டது என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விப்ரியோ என்ற கடல் கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் தேர்வே மாறும். கல்லீரல் நோயோ சர்க்கரையோ உள்ளவருக்கு ஓரிரு நாளிலேயே வீக்கம் ஏறி, ரத்தக் கொப்புளம் வந்து, காய்ச்சல் அடித்தால் அது அவசர ஆபரேஷன். குளச்சலிலோ முட்டத்திலோ கரையேறியதும் நேராக மருத்துவமனைதான். கெட்ட சதையெல்லாம் வெட்டி, நோய் அடங்கிய பிறகு மிஞ்சும் பெரிய குழிக்கு வேக் நன்றாக உதவும்.

மெஷின் இல்லாமல், வார்டுச் சுவரில் உள்ள சக்‌ஷனில் மாட்டுகிறார்களே?

ஸ்டெரைல் ஃபோம் அல்லது காஸ், ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போடும் குழாய்), ஆபரேஷன் தியேட்டர் பிலிம் இவற்றைக்கொண்டு இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் குறைந்த செலவில் செய்கிறார்கள். கவனமாகச் செய்தால் இதே கொள்கைதான். ஆனால் சுவர் சக்‌ஷனுக்குக் கசிவைச் சொல்லும் அலாரம் இல்லை, ரத்தம் ஓடினாலும் உறிஞ்சுவது நிற்காது. ரெகுலேட்டரைக் கைதவறி முழுதாகத் திறந்தால் அழுத்தம் எகிறும். மீட்டர் எந்த அலகில் காட்டுகிறது என்பதும் முக்கியம்: 125 மி.மீ. பாதரசம் என்பது ஏறக்குறைய 17 கிலோ பாஸ்கல். மணிக்கொருமுறை ஆள் பார்க்கும் வார்டில் மட்டும் சம்மதியுங்கள். வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

செலவு?

மெஷின் வாடகை, ஃபோம் கிட், டப்பா, டிரெஸ்ஸிங் கட்டணம் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை கிட் ஆகும் என்பதுதான் மொத்தச் செலவைத் தீர்மானிக்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சர்ஜரி ஓ.பி.யில் முதலில் காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், வேக் தனியாகவா, ஆபரேஷன் பேக்கேஜுக்குள்ளா என்பதை அட்மிஷனுக்கு முன்பே கவுண்டரில் உறுதிசெய்யுங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்றம்?

குழியிலிருந்து வடியும் நீரோடு புரதமும் போகிறது. கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்குத் தினம் 75 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். கிட்னி பாதிப்பு உள்ளவர் மட்டும் டாக்டரிடம் கேட்டு அளவை வைக்க வேண்டும். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் நம் சாப்பாடு. அதில் மரச்சீனியைக் கால் பங்காக்கி மீனைக் கூட்டுங்கள். மரச்சீனியில் புரதம் நூற்றுக்கு 2 கிராம்கூடத் தேறாது, சர்க்கரையை ஏற்றும். 100 கிராம் சாளையில் (மத்தி மீன்) 20 கிராம் புரதம் கிடைக்கும். முட்டை ஒன்றில் 6. மீன் வாங்க முடியாத நாளில் சிறுபயறும் கடலையும். புகையிலை போட்டாலோ பீடி குடித்தாலோ சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், நிறுத்தியே ஆக வேண்டும்.

எப்போது நிறுத்துவார்கள்?

குழி நிரம்பி, சிவந்த மணல்மணலான சதை தோலின் மட்டத்துக்கு வந்ததும். சின்னதாக இருந்தால் சாதாரண டிரெஸ்ஸிங்கிலேயே மூடும். பெரிதாக இருந்தால் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டுத் தோலை அசையாமல் பிடித்துவைக்க ஒட்டாத வலையின்மேல் நான்கைந்து நாள் வேக் வைப்பதும் உண்டு. வேக்கின் சிறந்த பயன்களில் இதுவும் ஒன்று.

இரண்டு வாரமாகியும் அளவு குறையாமல், சதை வெளிறிப்போயிருந்தால் அதே டிரெஸ்ஸிங்கைத் தொடர்வதில் அர்த்தமில்லை. ரத்த ஓட்டம், எலும்பு, சர்க்கரை, அழுத்தம் என்று முதலிலிருந்து தேட வேண்டும். நடக்கும்போது புண்ணின்மேல் எடை விழுகிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

ஆறிய பிறகு ரப்பர் பால்வெட்டுக்குப் போகலாமா?

தோல் முழுதாக மூடிக் குறைந்தது சில வாரம் ஆன பிறகு, டாக்டர் பார்த்துச் சொன்னால் போகலாம். ஆறிய சர்க்கரைப் புண் ஒரு வருடத்துக்குள் பத்தில் நான்கு பேருக்குத் திரும்ப வருகிறது. விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் இருட்டில் நடப்பவர் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட செருப்பையோ, முன்பக்கம் மூடிய அளவான ஷூவையோ போட வேண்டும். போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல், முள், ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் நனைந்த சாக்ஸை உடனே மாற்றுங்கள். வீடு திரும்பியதும் கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டில் உள்ளவர் பார்க்கட்டும். சிவப்பு, கொப்புளம், தோல் தடிப்புக்குள் ரத்தக்கறை எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.